கூகுள் சர்ச் கன்சோல்: வலைப்பூவுக்கு ஆள் சேர்க்கும் இலவசக் கருவி எந்த அளவுக்கு உதவும்?

பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம், இன்ட்லி போன்ற திரட்டிகள் இயங்கிய நாட்களில் பதிவைத் திரட்டியில் இணைத்தாலே முதல் நாளில் வாசகர்கள் வந்துவிடுவார்கள். அவை ஓய்ந்தபின் தமிழ் வலைப்பூவுக்குப் புது ஆள் வரும் வழி பெரும்பாலும் இரண்டுதான்: வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பகிர்வு ஒன்று, கூகுள் தேடல் இன்னொன்று. பகிர்வில் வருகிறவர்கள் இரண்டு நாளில் வடிந்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு எழுதிய பதிவுக்கு இன்றைக்கும் ஆள் கொண்டுவருவது தேடல்தான். அந்த வழியைச் சீர்செய்ய கூகுளே தரும் இலவசக் கருவி சர்ச் கன்சோல். 2015 வரை இதற்கு வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வலைப்பூவுக்கு வருகையைக் கூட்ட ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பும் இதைத் திறந்து பார்த்துவிட வேண்டும். புதுப் பதிவைக் கூகுளில் 'ஏற்ற' உதவும் கருவி என்றுதான் பலர் இதை நினைக்கிறார்கள். அது இதன் சின்ன வேலை. ஏற்கெனவே உங்கள் பதிவின் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் போனவர்கள் எதைத் தேடினார்கள் என்று காட்டுகிறதே, அதுதான் இதன் பெரிய பலம். குறைகளும் உண்டு, சின்ன வலைப்பூக்களை அவை கொஞ்சம் கூடுதலாகவே வாட்டும்.

நிறுவும்போது எங்கே தடுக்கும்

கருவியைத் திறந்ததும் டொமைன், யூஆர்எல் பிரிஃபிக்ஸ் என்று இரண்டு கட்டங்கள் வரும். சொந்த டொமைன் உள்ளவர்கள் முதல் கட்டத்தை எடுப்பது நல்லது. டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். டொமைன் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பக்கத்தில், டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற ஒரு குறிப்பு வரியைச் சேர்க்கச் சொல்வார்கள். ஹோஸ்ட் என்ற இடத்தில் @ குறியும், வேல்யூ என்ற இடத்தில் கூகுள் கொடுத்த வரியும் போட வேண்டும். ஹோஸ்ட் இடத்தில் டொமைன் பெயரை முழுதாக எழுதிவிட்டால், சில நிறுவனங்களின் பலகையில் அந்தப் பெயர் இரட்டிப்பாகி ரெக்கார்டு வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும்; சரிபார்ப்பு நடக்காது. இந்த ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை கிளவுட்ஃப்ளேர் போன்ற வேறு சேவைக்கு மாற்றிவிட்டு, டொமைன் வாங்கிய இடத்திலேயே ரெக்கார்டு சேர்த்துக்கொண்டிருப்பது இன்னொரு வழக்கமான தவறு. நேம்சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சேர்க்க வேண்டும்.

பிளாக்கரின் இலவச பிளாக்ஸ்பாட் முகவரியில் எழுதுகிறவர்களுக்கு டிஎன்எஸ் கையில் இல்லை. எனவே யூஆர்எல் பிரிஃபிக்ஸ் கட்டம்தான். எச்டிடிபிஎஸ் சேர்த்து முழு முகவரியை இட வேண்டும். வலைப்பூவும் சர்ச் கன்சோலும் ஒரே ஜிமெயில் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும்.

அடுத்தது சைட்மேப், அதாவது உங்கள் பதிவுகளின் முகவரிப் பட்டியல். பிளாக்கரில் சைட்மேப்.எக்ஸ்எம்எல் தானாகவே உருவாகிறது. அந்தப் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். தனிப் பக்கங்களுக்கு சைட்மேப்-பேஜஸ்.எக்ஸ்எம்எல் என்று இன்னொன்று உண்டு, அதையும் கொடுத்துவிடலாம். பழைய யூடியூப் பாடங்களில் ஆட்டம் ஃபீட் என்ற புதுப்பதிவு ஓடையைச் சைட்மேப்பாகக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் அண்மைப் பதிவுகள் மட்டும் போய், பழையவை விடுபட வாய்ப்பு உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் 5.5 பதிப்பிலிருந்து டபிள்யூபி-சைட்மேப்.எக்ஸ்எம்எல் உள்ளேயே வருகிறது; தேடலுக்காகப் பலர் சேர்க்கும் யோஸ்ட் செருகியைப் போட்டிருந்தால் அது வேறு பெயரில் ஒன்றை உருவாக்கும், அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் 'படிக்க முடியவில்லை' என்று சிவப்பில் வந்தால் பதற வேண்டாம். அதே முகவரியை உலாவியில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் கோப்பு பெரும்பாலும் நலமே. சில நாட்களில் நிலை மாறிவிடும்.

பெர்ஃபார்மன்ஸ் அறிக்கை

இந்தக் கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் பதிவு எத்தனை முறை காட்டப்பட்டது), சிடிஆர் (அதில் கிளிக் ஆன விகிதம்), சராசரி இடம் (முடிவில் எத்தனையாவதாக வந்தது) என்று நான்கு பெட்டிகள். முதலில் இரண்டுதான் எரிந்திருக்கும். நான்கையும் சொடுக்கி எரிய விட வேண்டும். காலத்தை மூன்று மாதமாக வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 16 மாதத் தரவு கிடைக்கும். அதற்கு முந்தையது அழிந்துவிடும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. தரவிறக்கத்தில் 1,000 வரிகளுக்கு மேல் வராது என்பது நடுத்தர வலைப்பூக்களுக்கே தொந்தரவுதான்.

குவெரீஸ், அதாவது தேடிய சொற்களின் பட்டியலை அப்படியே மேலிருந்து கீழே படிப்பதில் பயன் குறைவு. பேஜஸ் தாவலில் ஒரு பதிவைச் சொடுக்கி, பிறகு குவெரீஸ் தாவலுக்குத் திரும்ப வேண்டும். அப்போது அந்த ஒரு பதிவுக்கு என்னென்ன தேடல்களில் இடம் கிடைத்தது என்பது மட்டும் தெரியும்.

ஒரு சமையல் வலைப்பூவில் வத்தக்குழம்புப் பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டியலில் வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு, சுண்டைக்காய் வத்தக்குழம்பு, ஆங்கில எழுத்தில் தட்டிய அதே பெயர்கள் எல்லாம் வரும். நடுவே 'வத்தக்குழம்பு பொடி அளவு' என்று ஒன்று, 300 இம்ப்ரெஷன், 2 கிளிக், சராசரி இடம் 12 என்று கிடக்கிறது என்போம். முதல் பக்கத்துக்கு அடுத்த படியில் அந்தப் பதிவு நிற்கிறது என்று அர்த்தம். பதிவைத் திறந்து பார்த்தால் 'வத்தக்குழம்புப் பொடி: தேவையான அளவு' என்று எழுதியிருக்கும்! தேடியவர் கேட்டதே அந்த அளவைத்தான். பதிவுக்குள் 'வத்தக்குழம்புப் பொடி அளவு' என்று ஒரு துணைத்தலைப்பு வைத்து, மிளகாய், தனியா, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம் ஒவ்வொன்றும் எத்தனை கரண்டி, எத்தனை பேருக்கான குழம்புக்கு எவ்வளவு பொடி என்று எழுத வேண்டும். பதிவின் முதன்மைத் தலைப்பைத் தொட வேண்டாம். ஏற்கெனவே நல்ல இடத்தில் இருக்கும் தேடல்கள் அதை நம்பி நிற்கின்றன. சாம்பார்ப்பொடி, ரசப்பொடிப் பதிவுகளிலிருந்து இதற்கு ஒரு சுட்டி கொடுத்து, சுட்டியின் சொற்களாக 'இங்கே' என்று போடாமல் 'வத்தக்குழம்புப் பொடி அளவு' என்றே போட வேண்டும். பிறகு சர்ச் கன்சோலின் மேலேயுள்ள பெட்டியில் முகவரியை இட்டு, பதிவை மீண்டும் படிக்கக் கேட்கும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். நான்கு வாரம் கழித்து, கம்பேர் வசதியில் கடைசி 28 நாட்களை அதற்கு முந்தைய 28 நாட்களோடு வைத்துப் பார்க்கலாம்.

சராசரி இடம் 8-க்கும் 20-க்கும் இடையில் இருக்கும் தேடல்கள்தான் உழைப்புக்குப் பலன் தருபவை. 40, 50-ஆம் இடத்தில் இருப்பதற்காகப் பதிவைத் திருத்திக்கொண்டிருப்பது வீண். அந்தத் தேடல் உங்களுக்கு முக்கியம் என்றால் தனிப் பதிவே எழுதிவிடலாம். மூன்றாம் இடத்திலேயே இருந்தும் கிளிக் வரவில்லை என்றால் வேறு கோளாறு. பெரும்பாலும் தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். தலைப்புக்கு 60 எழுத்து என்று ஆங்கில வழிகாட்டிகள் சொல்லும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. நம் எழுத்துகள் அகலம், முடிவுப் பக்கத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். முக்கியமான சொல் முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். பழைய பிளாக்கர் டெம்ப்ளேட்டுகளில் வலைப்பூவின் பெயர் முன்னாலும் பதிவின் தலைப்பு பின்னாலும் வரும். வலைப்பூவுக்கு நீளமான கவித்துவப் பெயர் இருந்தால் தேடல் முடிவில் அதுவே இடத்தை எல்லாம் விழுங்கிவிடும். டெம்ப்ளேட்டில் தலைப்பு வரும் வரியில் பேஜ்டைட்டில் என்பதைப் பதிவுப் பக்கங்களுக்கு மட்டும் பேஜ்நேம் என்று மாற்ற வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் மாற்றினால் முகப்புக்குத் தலைப்பே இல்லாமல் போகும். மாற்றும் முன் டெம்ப்ளேட்டைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது தமிழில் சாதாரணம். அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஃபில்டரில் பல வடிவங்களை ஒன்றாகத் தேடும் கஸ்டம் ரீஜெக்ஸ் என்பதைத் தேர்ந்து வத்தக்குழம்பு|வத்தல் குழம்பு|வற்றல் குழம்பு என்று நேர்க்கோடு இட்டு எழுதினால் போதும். 2021-இல் வந்த வசதி இது. தமிழ்ப் பதிவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள ஒன்று இந்தக் கருவியில் குறைவு. எந்த எழுத்துமுறையில் அதிகம் தேடுகிறார்கள் என்று பார்த்துத் தலைப்பில் அதை வைக்கலாம். இலக்கணப்படி சரியான வடிவத்தைப் பதிவின் முதல் பத்தியில் வைத்துக்கொள்ளலாம். எல்லா வடிவங்களையும் பதிவின் அடியில் கொட்டி வைப்பது வேண்டாம். படிப்பவருக்கும் எரிச்சல், கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கும் அது ஆகாது.

கன்ட்ரீஸ் தாவலையும் விட்டுவிடக் கூடாது. இலங்கையில் கணிசமாக இம்ப்ரெஷன் வந்து கிளிக் வரவில்லை என்றால் சொல்லில் காரணம் இருக்கலாம். இங்கே எலுமிச்சை ஊறுகாய் என்று எழுதியிருப்பீர்கள்; அங்கே தேசிக்காய் ஊறுகாய் என்று தேடுவார்கள். பதிவில் ஓரிடத்தில் இயல்பாக அந்தச் சொல்லும் வந்தால் இரு பக்கத்து வாசகர்களுக்கும் நல்லது. கோலம், சேலை, சமையல் எழுதுகிறவர்கள் சர்ச் டைப்பை இமேஜ் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். வெப் பட்டியலில் தெரியாத தேடல்கள் அங்கே கிடக்கும்.

ஒரே தேடலுக்கு உங்களுடைய இரண்டு பதிவுகள் மாறி மாறி வருகின்றனவா என்பதையும் இதிலேயே பிடிக்கலாம். தேடலைச் சொடுக்கி, பேஜஸ் தாவலுக்குப் போனால் போதும். இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசினால், நல்ல பதிவில் மற்றதன் சரக்கைச் சேர்த்துவிட்டு, மற்றதை வரைவாக மாற்றி, பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட வேண்டும். பிளாக்கரில் செட்டிங்ஸ் பக்கத்தில் கஸ்டம் ரீடைரக்ட்ஸ் என்று இருக்கும். பெர்மனன்ட் என்பதை இயக்க மறக்க வேண்டாம்.

பதிவு கூகுளில் ஏறவே இல்லை என்றால்

பேஜஸ் இண்டெக்ஸிங் அறிக்கையைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் பெரிய எண் ஒன்று மிரட்டும். பாதி மிரட்டல் பொய். பிளாக்கரில் லேபிள் பக்கங்கள், தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பால் தடுக்கப்பட்டவை என்று வரும்; பிளாக்கரே அப்படித்தான் வைத்திருக்கிறது, விட்டுவிடலாம். கைபேசி வடிவ முகவரிகள் 'ஆல்டர்நேட் பேஜ்' என்று வரும், அதுவும் சரிதான். நீங்கள் அழித்த பதிவுக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வருவதும் இயல்பு.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. 'டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. உள்ளேயிருந்து சுட்டி இல்லாத பதிவுகளுக்கு இது அதிகம் வரும். நன்றாக ஓடும் பழைய பதிவு இரண்டு மூன்றிலிருந்து சுட்டி கொடுத்தால் பல நேரம் சரியாகும். 'கிரால்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் படித்துவிட்டு வேண்டாம் என்று வைத்திருக்கிறது. இதற்கு ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் பொத்தானைத் தினமும் அழுத்திப் பயனில்லை; அதற்கு நாளொன்றுக்கு வரம்பும் உண்டு. பத்து வரிப் பதிவு, வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்த செய்தி, படத்துக்குள் எழுத்தை வைத்து மற்றபடி வெறுமையாக விட்ட வாழ்த்துப் பதிவு, இவைதான் இதில் மாட்டும். சரக்கைக் கூட்டினால்தான் நிலை மாறும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதி ஒட்டிய பதிவுகள் இருந்தால் அவற்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எழுத்துரு இருக்கும் கணினியில் நமக்குத் தமிழாகத் தெரியும். கூகுளுக்குத் தெரிவது தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகள். இலவச மாற்றிகளில் ஒட்டி ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி மீண்டும் வெளியிட்டால், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய நல்ல கட்டுரைகளுக்கும் வாசகர் வரத் தொடங்குவார்கள். கைவசம் இருக்கும் சரக்கை மீட்பதைவிட மலிவான வழி வேறில்லை.

எல்லாப் பதிவுமே ஏறவில்லை என்றால் அமைப்பில் கோளாறு. வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்கரில் கஸ்டம் ரோபாட்ஸ் ஹெடர் டேக்ஸ் பகுதியில், யாரோ சொன்னார்கள் என்று பதிவுகளுக்கும் நோஇண்டெக்ஸ் (தேடலில் சேர்க்காதே என்ற குறி) இயக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

முகவரியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாக்கர் தமிழ் எழுத்துகளை உதறிவிட்டு பிளாக்-போஸ்ட் என்று எண்ணோடு ஒரு முகவரி போடும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்குறியும் உள்ளே 9 குறிகளாக விரியும், இடமோ 200 குறிதான். 22 குறிகளில் முகவரி பாதிச் சொல்லில் அறுந்துவிடும். கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறிகளாகச் சேரும் என்பதால் அது மூன்று நான்கு சொல்தான். வெளியிடும் முன் பதிவின் முகவரியைக் கொடுக்கும் பெர்மாலிங்க் பகுதியில் ஆங்கில எழுத்தில் குறுக்கமாக நீங்களே கொடுத்துவிடுவது மேல். வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் சுட்டி அரை பக்கத்துக்கு நீளாது. வெளியாகி வாசகர் வந்துகொண்டிருக்கும் பழைய பதிவின் முகவரியை அழகுக்காக மாற்ற வேண்டாம், வந்துகொண்டிருப்பவர்களையும் இழப்பீர்கள்.

குறைகள்

மிகச் சிலரே தேடிய சொற்களைத் தனியுரிமைக்காகக் கூகுள் மறைத்துவிடுகிறது. மேலே மொத்தம் 100 கிளிக் என்று இருக்கும், கீழே பட்டியலைக் கூட்டினால் 40 கூட வராது. பெரிய தளத்துக்கு இது பொருட்டில்லை. சிறிய தமிழ் வலைப்பூவுக்கு வரும் தேடல்களே அந்த மாதிரிச் சின்னத் தேடல்கள்தான். இதைச் சுற்றிப்போக வழியில்லை. பதிவு வாரியாக மொத்தக் கிளிக்கைப் பார்ப்பதுதான் ஓரளவு நம்பகமானது.

சராசரி இடம் என்ற எண்ணையும் தனியாக நம்பக் கூடாது. புதிய தேடல்களில் 60-ஆம் இடத்தில் தலைகாட்டத் தொடங்கினாலே மொத்தச் சராசரி மோசமாகத் தெரியும், உண்மையில் அது வளர்ச்சி. 2025 செப்டம்பரில் பல தளங்களில் இம்ப்ரெஷன் ஒரே வாரத்தில் சரிந்து, சராசரி இடம் உயர்ந்தது. ஒரே பக்கத்தில் 100 முடிவு காட்டும் வழியைக் கூகுள் அடைத்த சமயம் அது. அதைப் பயன்படுத்திய தானியங்கிகள் காட்டிய பொய் இம்ப்ரெஷன்கள் கழன்றன என்பதே பரவலான விளக்கம். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ளதை ஒப்பிடும்போது கிளிக்கை மட்டும் பார்க்க வேண்டும்.

பக்கத்தின் வேகம் போன்றவற்றை அளக்கும் கோர் வெப் வைட்டல்ஸ் பகுதி வாசகர் குறைவான தளத்துக்குத் 'தரவு போதாது' என்று சொல்லிவிடும். பிற தளங்கள் தந்த சுட்டிகளைக் காட்டும் லிங்க்ஸ் பகுதியில் வருவதும் ஒரு மாதிரிப் பட்டியல்தான், முழுப் பட்டியல் இல்லை. பழைய பிளாக்ஸ்பாட்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இந்திய வாசகர்களை ஒரு காலத்தில் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள், நண்பர்கள் பலரும் அந்த முகவரியையே சுட்டியாகக் கொடுத்திருப்பார்கள். 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டுப் போனது. அந்தச் சுட்டிகள் உங்களுக்கு எதையும் கொண்டுவருவதில்லை. தெரிந்த பதிவர்களிடம் டாட் காம் என்று திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் இருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று சர்ச் கன்சோல் சொல்லாது. அதற்கு, வருகைகளைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் வேண்டும். அங்கேயும் பெரும்பகுதி 'டைரக்ட்' என்றுதான் விழும். பகிரும் சுட்டியின் பின்னால் யூடிஎம் என்ற அடையாளச் சொற்களைச் சேர்த்தால் பிரித்துப் பார்க்கலாம்.

காசு கொடுத்து வாங்குபவற்றோடு ஒப்பிட்டால்

செம்ரஷ், ஏரெஃப்ஸ் போன்ற கருவிகளின் முழு வசதிச் சந்தா மாதம் நூறு டாலருக்கு மேல். போட்டித் தளங்களைப் பார்க்க அவை நல்லவை. ஆனால் தமிழ்த் தேடல்களுக்குப் பல இடங்களில் சுழியம் காட்டும். அங்கே சுழியம் என்ற சொல்லுக்கு இங்கே இம்ப்ரெஷன் வந்துகொண்டிருக்கும். தமிழ் வலைப்பூவுக்கு அந்தச் செலவு வேண்டாம். சொற்களை ஒப்பிட கூகுள் டிரெண்ட்ஸ் இலவசமாக உண்டு. ஐந்து சொல் வரை ஒரே படத்தில் பார்க்கலாம்.

'ஐந்நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம் வருகை' என்று விற்பவை தானியங்கி வருகைகள். அனலிட்டிக்ஸில் எண் ஏறும், சர்ச் கன்சோலில் ஒரு கிளிக் கூட ஏறாது. கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வைத்திருந்தால் கணக்கே முடங்கும் அபாயம் உண்டு. சுட்டி விற்பவர்களும் அப்படியே: காசு வாங்கிக் கொடுக்கும் சுட்டியில் 'இதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளுக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ குறி இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி போட்டால் விற்பவர் சொல்லும் பலன் இல்லை, போடாவிட்டால் கூகுளின் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் வரலாம்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் சொந்த டொமைனுக்குச் செலவழியுங்கள், ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய். பிளாக்கரிலேயே தொடரலாம், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களைப் பிளாக்கர் தானாகவே புதியதற்கு அனுப்பிவிடும். சர்ச் கன்சோலில் புதிய டொமைனைத் தனியாகச் சேர்த்து, சைட்மேப்பை மீண்டும் கொடுக்க வேண்டும். பழைய கணக்கை நீக்க வேண்டாம்; மாறிய சில மாதங்களுக்கு இரண்டிலும் கிளிக் பிரிந்து வரும், கூட்டிப் பார்த்தால்தான் வருகை குறைந்ததா இல்லையா என்று தெரியும்.